மாணவர் தொகுப்பேடு

மாணவர் தொகுப்பேடு என்பது ஒரு மாணவர் குறிப்பிட்ட காலத்தில் செய்த வேலைகளுள் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, நாள் குறித்து, ஏன் தேர்ந்தெடுத்தார் என்னும் குறிப்போடு சேர்த்து வைக்கும் தொகுப்பு ஆகும். கட்டுரை, ஓவியம், கணக்குத் தீர்வு, செய்முறைக் குறிப்பு, களப்பதிவு, ஒளிப்படம், ஒலிப்பதிவு என எதுவும் இதில் இடம்பெறலாம். தமிழில் படைப்புத் தொகுப்பு, செயல் தொகுப்பு, திரட்டேடு ஆகிய பெயர்களும், ஆங்கிலச் சொல்லை ஒட்டிப் போர்ட்ஃபோலியோ என்ற பெயரும் வழக்கில் உள்ளன. கற்றலுக்கான கருவியாகவும், கற்றலை மதிப்பிடும் முறையாகவும் இது பள்ளிகளில் பயன்படுகிறது. இவ்விரு பயன்களும் ஒன்றையொன்று எளிதில் கெடுத்துவிடக் கூடியவை என்பதே தொகுப்பேட்டைப் பற்றிய முதன்மையான சிக்கல் ஆகும். இக்கட்டுரை தமிழ்நாட்டுப் பள்ளி நடைமுறையையும், சிறப்பாக இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரைப் பகுதியையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

சொல்லும் பின்னணியும்

போர்ட்ஃபோலியோ என்னும் சொல்லின் மூலம் இத்தாலிய மொழி. தாள்களைச் சுமந்து செல்லும் உறை என்பது அதன் பொருள். ஓவியர்களும் கட்டடக் கலைஞர்களும் தம் திறமைக்குச் சான்றாக வரைதாள்களை உறையில் இட்டு எடுத்துச் செல்வது நெடுநாள் வழக்கம். இவ்வழக்கம் 1980களில் பள்ளிக் கல்விக்குள் பரவலாக நுழைந்தது. ஐக்கிய அமெரிக்காவில் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் புராசெக்ட் சீரோ ஆய்வுக்குழு, பிட்சுபர்க் நகரப் பள்ளிகளோடு சேர்ந்து நடத்திய ஆர்ட்சு புரொப்பெல் திட்டம் இதற்கு ஒரு முன்னோடி. முடிவுற்ற படைப்போடு அதன் முதல் வரைவுகளையும் கைவிட்ட முயற்சிகளையும் சேர்த்து வைப்பது அத்திட்டத்தின் சிறப்பு. இத்தாலியின் ரெச்சியோ எமிலியா நகரில் லோரிசு மலகுசி வழிநடத்திய மழலையர் பள்ளிகளில் ஆசிரியர்கள் குழந்தைகளின் பேச்சையும் வேலையையும் பதிவு செய்து காட்சிக்கு வைத்த முறையும் இதன் வளர்ச்சியில் பங்களித்தது.

தமிழகத் திண்ணைப் பள்ளிகளில் மாணவர்கள் மணலில் எழுதிப் பழகி, பின்னர் பனையோலையில் எழுத்தாணியால் எழுதினர். அவ்வாறு எழுதிச் சேர்ந்த சுவடி அம்மாணவர் எவ்வளவு கற்றார் என்பதற்கு ஓரளவு சான்றாக இருந்தது எனலாம். ஆனால் அது ஆசிரியர் சொன்ன பாடத்தின் படியே ஆகும். மாணவரின் சொந்தத் தேர்வோ சிந்தனையோ அதில் இடம்பெறவில்லை. ஆகவே அதனைத் தொகுப்பேட்டின் தொடக்கமாகக் கொள்வது பொருந்தாது. ஏடு என்னும் சொல் மட்டும் பொருத்தமாக நிலைத்துள்ளது.

எது தொகுப்பேடு, எது அன்று

வகுப்பில் எழுதிய எல்லாத் தாள்களையும் ஒரு கோப்பில் அடுக்கி வைத்தால் அது தொகுப்பேடு ஆகாது. பாடக் குறிப்பேடு, செய்முறைப் பதிவேடு, கையெழுத்துப் பயிற்சி ஏடு ஆகியனவும் தொகுப்பேடுகள் அல்ல. ஒரு தொகுப்பு இப்பெயரைப் பெறுவதற்கு மூன்று கூறுகள் வேண்டும். முதலாவது, மாணவரின் தேர்வு. இருபது வேலைகள் செய்தவர் அவற்றுள் நான்கையோ ஐந்தையோ எடுக்க வேண்டும். எடுக்கும்போது எது நன்றாக வந்தது, எது வரவில்லை என்று எண்ணிப் பார்க்கும் கட்டாயம் ஏற்படுகிறது. இரண்டாவது, காலவரிசை. நாள் குறிக்காத தாள் வளர்ச்சியைக் காட்டாது. மூன்றாவது, மாணவர் தம் சொற்களில் எழுதும் மீள்நோக்குக் குறிப்பு. "இது என் நல்ல கட்டுரை" என்பது குறிப்பு ஆகாது. "முதல் முறை எழுதியபோது மீன் வகைகளை வரிசையாகச் சொன்னேன், இரண்டாம் முறை அவை ஏன் அந்தப் பருவத்தில் வருகின்றன என்று கேட்டு எழுதினேன்" என்பது குறிப்பு ஆகும்.

நோக்கத்தைப் பொறுத்துத் தொகுப்பேடுகள் வேறுபடும். ஒரே திறனில் ஏற்பட்ட மாற்றத்தைத் தொடர்ந்து காட்டுவது வளர்ச்சித் தொகுப்பேடு. சிறந்த படைப்புகளை மட்டும் கொண்டது காட்சித் தொகுப்பேடு. மேற்படிப்புக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது உதவுவது இதுவே. வகுக்கப்பட்ட கற்றல் விளைவுகளுக்குச் சான்றுகளைத் திரட்டி மதிப்பெண்ணுக்காக ஒப்படைப்பது மதிப்பீட்டுத் தொகுப்பேடு. பள்ளியில் நேரும் குழப்பங்களுள் பெரும்பாலானவை இவ்வகைகளைக் கலப்பதால் வருபவை. மதிப்பெண் உண்டு என்று தெரிந்த மாணவர் தம் பிழையுள்ள முதல் வரைவை உள்ளே வைக்க மாட்டார். அந்த வரைவு இல்லையேல் வளர்ச்சி தெரியாது.

இராமேசுவரத்தில் ஒரு பறவைப் பாடம்

தொகுப்பேடு எதனைப் பதிவு செய்ய விரும்புகிறது என்பதை விளக்க இக்கடற்கரையிலேயே நன்கு அறியப்பட்ட நிகழ்ச்சி ஒன்று உள்ளது. 1931 ஆம் ஆண்டு இராமேசுவரத்தில் பிறந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம், தாம் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் நடத்திய பாடம் ஒன்றைத் தம் உரைகளில் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். ஆசிரியர் கரும்பலகையில் பறவையின் படம் வரைந்து, சிறகும் வாலும் எவ்வாறு இயங்குகின்றன என்று விளக்கினார். புரிந்ததா என்று கேட்டபோது கலாம் புரியவில்லை என்றார்; வேறு மாணவர்களும் அவ்வாறே கூறினர். ஆசிரியர் சினம் கொள்ளவில்லை. அன்று மாலை வகுப்பு முழுவதையும் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறக்கும் பறவைகளைக் காட்டி அதே பாடத்தை மீண்டும் நடத்தினார். தம் வாழ்க்கையின் திசையை அம்மாலைப் பொழுதே தீர்மானித்தது எனக் கலாம் பின்னாளில் கூறினார்.

இப்பாடத்தின் விளைவை ஆண்டிறுதித் தேர்வு அளந்திருக்குமா என்று எண்ணிப் பார்க்கலாம். பறவையின் உறுப்புகளைக் குறிக்கும் வினாவுக்குக் கரும்பலகைப் படத்தை மனப்பாடம் செய்தவரும் கடற்கரையில் பார்த்தவரும் ஒரே விடையை எழுதுவர். இருவருக்கும் ஒரே மதிப்பெண் கிடைக்கும். கடற்கரைக்குப் போகுமுன் வரைந்த படம் ஒன்றையும், திரும்பி வந்தபின் வரைந்த படம் ஒன்றையும், "எனக்கு முதலில் எது புரியவில்லை" என்ற இரண்டு வரிகளையும் ஒரு மாணவர் சேர்த்து வைத்திருந்தால் வேறுபாடு வெளிப்படும். தொகுப்பேட்டின் அடிப்படை அலகு இத்தகைய முன்பின் இணை ஆகும். "புரியவில்லை" என்று சொல்வதைத் தண்டிக்காத வகுப்பில்தான் அவ்விணையின் முதல் பாதி கிடைக்கும் என்பதும் இங்குக் கவனிக்கத்தக்கது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் தொகுப்பேடு அப்பெயரோடு தனித் திட்டமாக வேரூன்றியது எனக் கூற முடியாது. அதன் கூறுகள் வெவ்வேறு திட்டங்களின் வழியே வந்து சென்றுள்ளன.

அவற்றுள் முதன்மையானது செயல்வழிக் கற்றல். ஆந்திரப் பிரதேசத்தின் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியின் கிராமக் கல்வி முயற்சியிலிருந்து கற்று, 2003 ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் இது தொடங்கப்பட்டது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார் இதனை முன்னெடுத்தார். 2007-08 கல்வியாண்டில் இம்முறை மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. பாடம் சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, அவை ஏணி வடிவ வரைபடத்தில் வரிசைப்படுத்தப்பட்டன. குழந்தை தன் வேகத்தில் ஓர் அட்டையிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்தது. எந்தப் படியில் நிற்கிறது என்பதை அடைவு அட்டவணையில் குறித்தது. கைக்கு எட்டும் உயரத்தில் சுவரில் அமைந்த கரும்பலகையில் ஒவ்வொரு குழந்தைக்கும் இடம் இருந்தது. தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய கம்பிப் பந்தலில் குழந்தைகளின் ஓவியங்களும் எழுத்துகளும் தொங்கவிடப்பட்டன.

இக்கம்பிப் பந்தலைத் தொகுப்பேட்டின் நெருங்கிய உறவினர் எனலாம். குழந்தையின் வேலை பிறர் பார்க்கத் தக்கது என்னும் எண்ணத்தை அது வகுப்பறைக்குள் கொண்டு வந்தது. ஆயினும் தாள்கள் மாறிக்கொண்டே இருந்தன. பழையவை இறக்கப்பட்டபின் அவற்றுக்கு என்ன நேர்ந்தது என்பது ஆசிரியரைப் பொறுத்தது. அடைவு அட்டவணையோ குழந்தை எந்த அட்டையை முடித்தது என்பதைக் காட்டியதே தவிர எவ்வாறு முடித்தது என்பதைக் காட்டவில்லை. இரண்டையும் இணைத்திருந்தால் முழுமையான தொகுப்பேடு உருவாகியிருக்கும்.

2009 ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், குழந்தையின் புரிதலையும் அதனைப் பயன்படுத்தும் திறனையும் தொடர்ச்சியாகவும் முழுமையாகவும் மதிப்பிட வேண்டும் என 29 ஆம் பிரிவில் கூறுகிறது. இதன்படி தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் 1 முதல் 8 வரையான வகுப்புகளில் முப்பருவ முறையும், தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் அறிமுகமாயின. ஒவ்வொரு பருவத்திலும் 60 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கும், 40 மதிப்பெண் வளரறி மதிப்பீட்டுக்கும் ஒதுக்கப்பட்டன. அந்த 40இல் பாதி செயல்பாடுகளுக்கும் பாதி சிறுதேர்வுகளுக்கும் உரியது. செயல்பாடுகளுக்கான சான்றுகளை வைத்திருக்க வேண்டியிருந்ததால் பள்ளிகளில் கோப்புகள் பெருகின. அக்கோப்புகளில் பல, எழுதுபொருள் கடையில் வாங்கிய படத்தாளை வெட்டி ஒட்டியவையாக இருந்தன என்பதை அக்காலத்தில் படித்தவர்கள் அறிவர். மூத்த உடன்பிறப்போ பெற்றோரோ செய்து கொடுத்த செயல்திட்டத்தில் மாணவர் கற்றதற்குச் சான்று எதுவும் இல்லை. கடையில் வாங்க இயலாத வீட்டுப் பிள்ளைக்கு இது கூடுதல் சுமையும் ஆயிற்று.

நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் 2019-20 கல்வியாண்டில் 9, 10 ஆம் வகுப்புகளின் அக மதிப்பீட்டுக்குரிய 20 மதிப்பெண்ணில் 5 மதிப்பெண்ணைத் தொகுப்பேட்டுக்கு என வெளிப்படையாக ஒதுக்கியது. பெயர் சொல்லி இடமளித்தது நல்லதே. ஆனால் 5 மதிப்பெண்ணுக்காக நடுவதற்குள் தொகுப்பேடு குறிப்பேட்டின் தூய்மைக்கும் அட்டையின் அழகுக்கும் தரும் மதிப்பெண்ணாகச் சுருங்கிவிடும் வாய்ப்பு மிகுதி.

தொகுப்பேடு இல்லாமையின் விலை 2020 ஆம் ஆண்டில் தெரிந்தது. கொரோனாப் பெருந்தொற்றால் தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு சூன் மாதத்தில் கைவிடப்பட்டு, 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்களிலிருந்து 80 விழுக்காடும், வருகைப் பதிவிலிருந்து 20 விழுக்காடும் கொண்டு மதிப்பெண் கணக்கிடப்பட்டது. பத்தாண்டுப் பள்ளி வாழ்க்கையில் ஒரு தேர்வு நடைபெறாது போனால், அதற்கு ஈடாகக் கையில் இருந்தவை வேறு இரண்டு தேர்வுகளும் வருகைப் பதிவேடும் மட்டுமே. மாணவர் எழுதிய, வரைந்த, செய்து பார்த்த எதுவும் கணக்கில் கொள்ளத்தக்க வடிவில் எங்கும் சேமிக்கப்படவில்லை.

பெருந்தொற்றுக் காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2022 ஆம் ஆண்டில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், தொடக்க வகுப்புக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளாகப் பகுத்துக் கற்பிக்கிறது. ஆசிரியர்கள் மதிப்பீட்டைக் கைப்பேசிச் செயலியில் பதிகின்றனர். இங்கும் பதிவாவது நிலை. அந்நிலைக்குச் சான்றான குழந்தையின் வேலை தனியே காக்கப்படுவது ஆசிரியரின் ஆர்வத்தையே சார்ந்துள்ளது.

கடற்கரைப் பள்ளிகளில்

இராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை ஏறத்தாழ 237 கி.மீ. நீளமானது, மாநிலக் கடற்கரையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மிகுதி. தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் எனக் கரை நெடுகிலும் ஊர்கள் அமைந்துள்ளன. 2018 ஆம் ஆண்டில் இந்திய அரசு அறிவித்த முன்னேற விழையும் மாவட்டங்களுள் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை இராமநாதபுரமும் விருதுநகரும் ஆகும். இத்திட்டத்தில் மாவட்டங்களின் கல்வி நிலை எண்களால் அளக்கப்பட்டுத் தரவரிசைப்படுத்தப்படுகிறது. எண்களால் அளப்பதில் தவறில்லை. ஆனால் இக்கரையில் வளரும் குழந்தை பள்ளிக்கு வரும்போதே சுமந்து வரும் அறிவு அவ்வெண்களுக்குள் அடங்குவதில்லை.

கடலோடிகள் காற்றை வாடை, கொண்டல், கச்சான், சோளகம் எனப் பெயரிட்டு அழைப்பர். வாடை வடக்கிலிருந்து வருவது. மற்றவற்றுள் எப்பெயர் எத்திசைக்கு உரியது என்பது ஊருக்கு ஊர் சற்று மாறும். பாம்பனில் ஏழாம் வகுப்பில் படிக்கும் மாணவி ஒருத்தி, சூன் முதல் செப்டம்பர் வரை காற்றுக் குறிப்பேடு ஒன்றை எழுதுகிறாள் என வைத்துக்கொள்வோம். முதல் தாளில் "இன்று காற்று அதிகம்" என்று மட்டும் இருக்கும். சில வாரங்களில் திசையும், பாட்டனாரிடம் கேட்டறிந்த காற்றின் பெயரும் சேரும். பிறகு, படகுகள் கடலுக்குச் செல்லாத நாள்களின் அட்டவணை வரும். அதன்பின், பாம்பனிலிருந்து ஒலிபரப்பாகும் கடல் ஓசை சமுதாய வானொலியின் வானிலைச் செய்தியோடு தன் குறிப்பை ஒப்பிட்டு, எத்தனை நாள் ஒத்திருந்தது என்று விழுக்காடு கணக்கிடுவாள். இந்நான்கு தாள்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவருக்கு, அறிவியலில் பருவக்காற்றும் கணக்கில் விழுக்காடும் தமிழில் வட்டாரச் சொல்வளமும் ஒரே இடத்தில் தெரியும். "அதிகம்" என்ற சொல்லிலிருந்து அளவுக்கு வந்த பயணமும் தெரியும். பாட்டனாருக்குத் தெரிந்தது பாடமாக ஏற்கப்பட்டது என்பதும் சிறிய செய்தியன்று.

மண்டபம், பாம்பன் பகுதியில் மூங்கில் மிதவைகளில் கடற்பாசி வளர்க்கப்படுகிறது. ஒரு சுழற்சிக்கு ஏறத்தாழ 45 நாள் ஆகும். நடும்போதும் அறுக்கும்போதும் எடையைக் குறித்து வளர்ச்சி வீதம் காண்பது எட்டாம் வகுப்புக் கணக்குக்கு ஏற்ற பதிவு ஆகும். மீன் ஏலத்தில் விலை ஏறி இறங்குவதைக் குறித்தல், 1964 திசம்பர் புயலில் தனுசுக்கோடி அழிந்தது பற்றி ஊர் முதியவர்களிடம் கேட்டெழுதி நூல்களோடு ஒப்பிடுதல், 1914 ஆம் ஆண்டுப் பாம்பன் தொடர்வண்டிப் பாலத்தையும் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தையும் வரைந்து கப்பலுக்கு வழிவிடும் முறையில் உள்ள வேறுபாட்டை விளக்குதல் ஆகியனவும் இவ்வகையின.

ஓர் எச்சரிக்கை தேவை. மாதிரிகளைச் சேகரித்து ஒட்டுவது தொகுப்பேட்டில் பொதுவாக ஊக்குவிக்கப்படும் செயல். மன்னார் வளைகுடாவில் அது சட்டத்தை மீறுவதாக முடியலாம். பவளம், கடலட்டை, கடற்குதிரை, சில சங்கு வகைகள் ஆகியன 2001 முதல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா இக்கரையை ஒட்டியே உள்ளது. கரையில் ஒதுங்கிய பவளத் துண்டாயினும் எடுக்காமல், கண்ட இடத்திலேயே வரைந்தோ ஒளிப்படம் எடுத்தோ இடமும் நாளும் குறிப்பது முறை. அப்படி வரைந்த படம், ஒட்டிய மாதிரியை விடக் கூர்ந்து நோக்கியதற்கு நல்ல சான்றாகவும் அமையும்.

இங்குள்ள பள்ளிகளுக்குத் தொகுப்பேடு வேறொரு வகையிலும் பயன்படும். புயல் எச்சரிக்கை, குடும்பத்தின் இடப்பெயர்வு, தந்தை அயல்நாட்டுக் காவலில் இருப்பதால் ஏற்படும் வீட்டு நெருக்கடி முதலிய காரணங்களால் கடலோரக் குழந்தைகளின் பள்ளி வருகை இடையிடையே அறுபடுவது உண்டு. தேர்வு நாளன்று வராதவருக்கு மதிப்பெண் பட்டியலில் வெற்றிடமே மிஞ்சும். நாள் குறித்த தாள்கள் ஐந்து இருப்பின், ஒரு மாதம் கழித்துத் திரும்பி வரும் குழந்தையை எங்கிருந்து தொடங்கச் செய்வது என்று ஆசிரியர் அறிந்துகொள்வார்.

மதிப்பிடும் முறை

தொகுப்பேட்டை மதிப்பிடுவதற்குத் தரநிலை விளக்க அட்டவணை ஒன்று முன்னரே உருவாக்கப்பட்டு மாணவருக்கும் தெரிவிக்கப்பட வேண்டும். மேற்கண்ட காற்றுக் குறிப்பை எடுத்துக்கொண்டால், "கண்டதை மட்டும் பொதுவாகக் கூறுகிறார்" என்பது முதல் நிலை. "திசை, நேரம் முதலிய விவரங்களை ஒழுங்காகக் குறிக்கிறார்" என்பது இரண்டாவது. "குறிப்புகளை அட்டவணையாக்கி ஒப்பிடுகிறார்" என்பது மூன்றாவது. "ஒப்பீட்டிலிருந்து ஒரு கருத்தை முன்வைத்து அதற்குச் சான்று தருகிறார்" என்பது நான்காவது. கையெழுத்து, வண்ணம், அட்டை அழகு ஆகியவற்றுக்கு அட்டவணையில் இடமில்லை. அவை வேண்டுமாயின் தனியே பாராட்டப்படலாம்.

இவ்வளவு செய்தும் இரு ஆசிரியர்கள் ஒரே தொகுப்பேட்டுக்கு வெவ்வேறு மதிப்பெண் தருவது நிகழும். ஐக்கிய அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 1990களின் தொடக்கத்தில் நான்காம், எட்டாம் வகுப்புகளில் எழுத்து, கணக்கு ஆகியவற்றுக்கு மாநிலம் தழுவிய தொகுப்பேட்டு மதிப்பீட்டை நடத்தியது. அதனை ஆராய்ந்த ராண்ட் நிறுவனத்தின் தானியேல் கோரெட்சு குழுவினர், தொடக்க ஆண்டுகளில் மதிப்பிடுவோரிடையே இருந்த ஒத்திசைவு மிகக் குறைவு எனக் கண்டனர். ஒவ்வொரு வகுப்பிலும் வேலை வெவ்வேறாக இருந்தது, ஆசிரியர் செய்த உதவியின் அளவும் வேறுபட்டது ஆகியன அடிப்படைக் காரணங்கள். பயிற்சியால் கணக்குப் பாடத்தில் நிலைமை பின்னர் மேம்பட்டது. பள்ளிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்குத் தேவையான நம்பகத்தன்மை எளிதில் கிட்டுவதில்லை. அதே வேளையில், வெர்மான்ட் ஆசிரியர்கள் பலர் இம்முறையால் தங்கள் கற்பித்தல் மாறியது என்றும் கூறினர். எனவே மாவட்டத் தரவரிசைக்கும் பொதுச் சான்றிதழுக்கும் தொகுப்பேடு ஏற்ற கருவி அன்று. வகுப்பறைக்குள் அடுத்து என்ன கற்பிப்பது என்று முடிவு செய்ய அது ஏற்றது.

மதிப்பெண் தந்தே ஆக வேண்டிய இடத்தில் சில ஏற்பாடுகள் உதவும். மாணவர் தேர்ந்தெடுக்கும் வேலைகளோடு, வகுப்பிலேயே ஆசிரியர் முன்னிலையில் செய்த ஒரு வேலையையும் அனைவரும் சேர்க்க வேண்டும் என விதித்தால், வீட்டில் பிறர் செய்ததா என்ற ஐயம் குறையும். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களோடு சில தொகுப்பேடுகளை மாற்றி மதிப்பிட்டு வேறுபாடுகளைப் பேசித் தீர்ப்பதும் நல்ல வழக்கம்; குறுவள மையக் கூட்டங்கள் இதற்கு வாய்ப்பான இடம். எல்லாவற்றுக்கும் மேலாக, பருவத்துக்கு ஒருமுறையேனும் ஒவ்வொரு மாணவரோடும் பத்து நிமிடம் அமர்ந்து, "இதை ஏன் எடுத்தாய்?" என்று கேட்க வேண்டும். பிறர் எழுதிக் கொடுத்ததை வைத்திருப்பவரால் இக்கேள்விக்கு விடை சொல்ல இயலாது.

நடைமுறைச் சிக்கல்கள்

முதன்மையான சிக்கல் நேரம். நாற்பது மாணவர் கொண்ட வகுப்பில் ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம் என்றால் ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஆகும். ஏற்கெனவே பதிவேடுகளாலும் செயலிப் பதிவுகளாலும் நிறைந்த ஆசிரியரின் நாளில் இது எளிதன்று. ஒரே வாரத்தில் முடிக்க முயலாமல் நாளுக்கு இருவர் எனப் பிரித்துக்கொண்டால் ஒரு மாதத்தில் முடியும். ஈராசிரியர் பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை குறைவு என்பதால் இது உண்மையில் எளிது. இக்கரையின் சிற்றூர்ப் பள்ளிகள் இவ்வகையில் நகரப் பள்ளிகளை விட நல்ல நிலையில் உள்ளன. வேறு ஏதேனும் ஒரு பதிவேட்டைக் குறைக்காமல் தொகுப்பேட்டைச் சேர்த்தால், அதுவும் ஆய்வு அலுவலர் வரும்போது காட்டுவதற்காக ஆசிரியரே நிரப்பும் கோப்பாக மாறும்.

பொருட்செலவு மிகுதியாக இருக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் அச்சிட்ட பழைய தாளின் மறுபக்கமும், மடித்துத் தைத்த அட்டையும் போதும். உப்புக் காற்று வீசும் ஊர்களில் இரும்புக் கவ்விகள் விரைவில் துருவேறித் தாளைக் கறையாக்கும். பருத்தி நூலால் கோத்துக் கட்டுவது நீடிக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தரையோடு ஒட்டிய அலமாரியில் வைக்கலாகாது. கைப்பேசியில் ஒளிப்படம் எடுத்துச் சேமிக்கும் மின்தொகுப்பேடு இச்சிக்கல்களைத் தீர்க்கும். ஆயினும் ஆசிரியரின் கைப்பேசியில் உள்ளதை மாணவர் விரும்பியபோது புரட்டிப் பார்க்க இயலாது. தன் பழைய தாளைத் தானே பார்த்து வியக்கும் வாய்ப்பு இல்லையேல் கற்றல் பயன் பெருமளவு போய்விடும். குழந்தைகளின் முகங்களை இணையத்தில் வெளியிடுவதில் கவனமும் வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு மதிப்பெண் அட்டையை விடத் தொகுப்பேடு நன்கு விளங்கும். சூன் மாதப் படத்தையும் நவம்பர் மாதப் படத்தையும் அருகருகே வைத்துக் குழந்தையே விளக்கினால் விளக்கத்துக்கு வேறு ஆள் தேவையில்லை. கூட்டம் எப்போது நடத்துவது என்பதில்தான் பள்ளிகள் தவறுகின்றன. பாக் விரிகுடாவில் விசைப்படகுகள் வாரத்தில் 3 நாளும் நாட்டுப்படகுகள் 4 நாளும் மீன்பிடிக்கச் செல்வது வழக்கம். விசைப்படகுக் குடும்பங்கள் மிகுந்த ஊரில் படகு செல்லாத நாளில் கூட்டம் வைத்தால் தந்தையரும் வருவர். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் உள்ளது. அதன் தொடக்க நாள்கள் கல்வியாண்டின் இறுதியோடு ஒட்டி வருவதால், ஆண்டுத் தொகுப்பைப் பெற்றோருக்குக் காட்ட அவை மிகப் பொருத்தமானவை.

தொகுப்பேடு யாருக்கு உரியது என்ற வினாவும் உண்டு. ஐந்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளியின் ஆறாம் வகுப்பில் சேரும் குழந்தையோடு மாற்றுச் சான்றிதழ் செல்கிறது. தொகுப்பேடு பழைய பள்ளியின் அலமாரியில் தங்கிப் பின்னர் பழைய தாளோடு எடைக்குப் போகிறது. படைப்பு குழந்தையுடையது ஆதலால் அது குழந்தையோடு செல்வதே முறை. பள்ளிக்குச் சான்று தேவையெனில் இரண்டு மூன்று பக்கங்களைப் படியெடுத்து வைத்துக்கொள்ளலாம். புதிய பள்ளியின் ஆசிரியர் முதல் வாரத்தில் அதனைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் வழக்கம் ஏற்பட்டால், நிலையறித் தேர்வு ஒன்றை நடத்தும் வேலை அவருக்கு மிச்சமாகும்.